குளிர்கால சைக்கிள் உடுப்பு: தடித்த ஜாக்கெட்டா, மெல்லிய வெஸ்ட்டா?

குளிரில் சைக்கிள் ஓட்ட உடுப்பு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது தடித்த ஜாக்கெட்டில்தான். இந்தக் குளிர்காலம் முழுக்க, உள்ளே பஞ்சு வைத்த அப்படியொரு சைக்கிள் ஜாக்கெட்டை ஒரு பக்கமும், மெரினோ என்கிற செம்மறியாட்டின் மெல்லிய கம்பளியில் செய்த உள்சட்டை, நீளக்கை ஜெர்சி, கையில்லாத காற்றுத்தடுப்பு வெஸ்ட் என்று மூன்று மெல்லிய உருப்படிகளை இன்னொரு பக்கமும் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போட்டு ஓட்டினேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மெல்லிய மூன்றும்தான். தடித்த ஜாக்கெட் நடந்து போக நல்லது, மெதுவாகக் கொஞ்ச தூரம் மிதிக்கிறவர்களுக்கும் சரி, மற்றபடி நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வாசலைத் தாண்டும்போது ஜாக்கெட் சுகமாகத்தான் இருக்கிறது. சிக்கல் பத்து நிமிடம் கழித்து ஆரம்பிக்கும். மிதிக்கும்போது உடம்பு எரிக்கிற சக்தியில் 20-25 சதவீதம்தான் பெடலுக்குப் போகிறது, மிச்சமெல்லாம் சூடாகத்தான் வெளியே வருகிறது. பெடலில் 150 வாட் கொடுத்தால் உடம்பில் 450 முதல் 600 வாட் வரை வெப்பம் கிளம்பும், கிட்டத்தட்ட ஒரு சின்ன அறை ஹீட்டர் மாதிரி. அத்தனை சூடும் வெளியே போக வழி வேண்டும். பஞ்சு ஜாக்கெட் விடுவதில்லை. அக்குளிலும் முதுகிலும் வேர்வை ஊறி, ஏற்றம் முடிவதற்குள் உள்சட்டை பிழிகிற பதத்துக்கு வந்துவிடுகிறது, அப்புறம் இறக்கத்தில் மிதிக்காமல் வேகமாகப் போகும்போது பல் கிட்டுகிற அளவுக்கு நடுக்கம். தண்ணீர் காற்றைவிட சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும் என்பதால் ஈரத்துணி உடம்பில் ஒட்டியிருக்கும்வரை மேலே போட்டிருக்கும் பஞ்சால் பெரிய பிரயோஜனமில்லை.

இன்னொரு விஷயம், சைக்கிளில் காற்றை நாமே உண்டாக்குகிறோம். காற்றே வீசாத நாளில் 5 டிகிரியில் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் போனால் தோலுக்கு அது 0 டிகிரி மாதிரிதான் இருக்கும், 0 டிகிரியில் 30 கிலோமீட்டர் வேகம் என்றால் மைனஸ் 6, மைனஸ் 7. ஆனால் அந்தக் காற்று முன்பக்கம் மட்டும்தான் அடிக்கிறது. நெஞ்சு, தொடையின் முன்பக்கம், விரல் கணு, கால் விரல். முதுகுக்கு அடி படுவதேயில்லை, அங்கேதான் வேர்வை அதிகம். இதைப் புரிந்துகொண்டு தைத்த உடுப்பு என்றால் அது இந்த வெஸ்ட்தான். முன்பக்கம் காகிதம்போல் சரசரக்கிற, காற்று நுழையாத மெல்லிய துணி, முதுகு முழுக்க வலைத்துணி. ஏற்றத்தில் ஜிப்பைத் தொப்புள்வரை இறக்கி விட்டு, உச்சியில் மறுபடி கழுத்துவரை ஏற்றிக்கொள்ளலாம், அதற்குக்கூட நிற்க வேண்டியதில்லை, ஏனென்றால் ஜிப் முனையில் கையுறை போட்ட விரலால் பிடிக்கிற நீளத்துக்கு ஒரு நாடா கோத்திருக்கிறார்கள். கழுத்தின் மேல்முனையில் ஜிப் வந்து ஒளிந்துகொள்ள ஒரு சின்னத் துணிமடிப்பும் உண்டு, அது இல்லாத வெஸ்ட்டை வாங்காதீர்கள், தாடைக்கடியில் உலோகம் குத்திக்கொண்டே இருக்கும். வெயில் ஏறினால் சுருட்டி ஜெர்சியின் முதுகுப் பையில் போட்டுவிடலாம். தடித்த ஜாக்கெட்டைக் கழற்றி எங்கே வைப்பது?

உள்சட்டை மெரினோவாக இருப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு: அந்த இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை ஈரப்பதத்தை உள்வாங்கினாலும் கையில் ஈரமாகத் தெரியாது, பாலியஸ்டர் 1 சதவீதம்கூட வாங்காது. நாற்றமும் அவ்வளவு சீக்கிரம் வராது. ஆனால் ஒரேயடியாக நனைந்துவிட்டால் காய நேரமெடுக்கும், அதனால் குளிரிலும் வேர்த்துக் கொட்டுகிற உடம்பு என்றால் வலைபோல நெய்த பாலியஸ்டர் உள்சட்டையே மேல். மெரினோவில் துணியின் எடை சதுர மீட்டருக்கு 150 கிராம் இருக்கிற மெல்லிய ரகம் போதும், 250 கிராம் எல்லாம் மிதிக்கிறவருக்கு அதிகம். எதை எடுத்தாலும் தோலோடு ஒட்டி நிற்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் வேர்வையை இழுக்காது. என் சட்டையில் பை வார் உரசுகிற தோள்பட்டையில் துணி இப்போதே மெலிந்துவிட்டது, அது வருத்தம்தான்.

கையுறைக்கு வருவோம், இங்கேதான் தாராளமாகச் செலவழிக்கலாம். விரல் மரத்துப் போனால் பிரேக் பிடிப்பதே ஆபத்து. நான் வாங்கியது நண்டுக்கொடுக்கு வடிவம், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒரே உறைக்குள், மோதிர விரலும் சுண்டுவிரலும் இன்னொன்றில். விரல்கள் ஒன்றுக்கொன்று சூடு கொடுக்கின்றன, பிரேக்கும் கியரும் தடையில்லாமல் வேலை செய்கின்றன. கட்டைவிரல் முதுகில் மூக்கைத் துடைக்கத் துவாலைத்துணி தைத்திருக்கிறார்கள், குளிரில் ஓட்டுகிறவருக்கு அதன் அருமை தெரியும். ஒரே குறை, வேர்த்த கையை உருவும்போது உள்துணியும் கூடவே வெளியே வந்துவிடுகிறது. அப்புறம் திரும்ப விரல்விரலாக உள்ளே தள்ளிக்கொண்டிருக்க வேண்டும், குளிரில் நின்று அதைச் செய்வது எரிச்சல். கடையில் போட்டுப் பார்க்கும்போதே கையை வேகமாக உருவிச் சோதித்துவிடுங்கள். இறுக்கமான அளவும் வேண்டாம், ரத்த ஓட்டம் தடைபட்டால் எந்தக் கையுறையும் காப்பாற்றாது.

காலுக்கும் அதே கதைதான். குளிர்கிறதே என்று இறுகிய ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் விரல் இன்னும் சீக்கிரம் மரத்துப் போகும். சைக்கிள் ஷூக்கள் பெரும்பாலும் கோடைக்காகக் காற்றோட்டம் வைத்துச் செய்தவை, மேலே நியோபிரீன் என்கிற ரப்பர்போன்ற பொருளில் செய்த உறை ஒன்றை மாட்டி அந்த ஓட்டைகளை மூடுவதுதான் சரியான வழி. பேன்ட் உள்ளே பஞ்சுபோல் உராய்த்த துணியாக, தோள்பட்டி வைத்ததாக எடுங்கள், குனியும்போது இடுப்பில் இடைவெளி விழாது. முழங்காலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் குளிரில் திறந்து விடாதீர்கள். ஹெல்மெட்டுக்குள் காதை மூடுகிற மெல்லிய தொப்பி போதும்.

மழைக்கோட்டு வேறு விஷயம். 3, 4 டிகிரியில் மழையும் சேர்ந்தால் அதுதான் வேண்டும், வறண்ட குளிரில் அதைப் போட்டால் வேர்வை உள்ளேயே தங்கும்.

எதை வாங்கினாலும் நிமிர்ந்து நின்று கண்ணாடியில் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கிற மாதிரி குனிந்து, கையை நீட்டிப் பாருங்கள், மணிக்கட்டு தெரிகிறதா, கீழ்முதுகு திறக்கிறதா, வயிற்றில் துணி மடிகிறதா என்று. துவைக்கும்போது துணியை மிருதுவாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம், அது இழைமேல் படிந்து வேர்வை இழுக்கும் தன்மையைக் கெடுத்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க முடியாதென்றால் முதலில் கையுறை, அடுத்து வெஸ்ட், அப்புறம் உள்சட்டை, ஷூ உறை.