எல்டி_டீபக்: பல வருடப் பழக்கத்துக்குப் பிறகு

லினக்ஸில் ஒரு நிரல் எந்தெந்த லைப்ரரியை (பல நிரல்கள் பகிரும் கோட் தொகுப்பை) ஏற்றுகிறது என்று பார்க்க, அவற்றைப் பட்டியலிடும் எல்டிடி கட்டளை போதாதா என்று நண்பர் கேட்டார். போதாது. நிரல் கோப்பில் எழுதியிருக்கும் தேவைகளையும் அவற்றின் தேவைகளையும்தான் எல்டிடி சொல்லும். ஓடும்போது டிஎல்ஓப்பன் (லைப்ரரியை இடையில் ஏற்றும் அழைப்பு) வழியாக வரும் ப்ளக்இன்கள் அதில் தெரியாது. பைத்தான் இம்போர்ட் செய்யும் .எஸ்ஓ (லைப்ரரி) கோப்புகள் அப்படி வருபவைதான். நம்பிக்கையில்லாத நிரலுக்கு எல்டிடி போடவும் கூடாது. அந்த நிரலே ஓடிவிடலாம் என்று எல்டிடியின் மேன் பக்கம் (கையேடு) எச்சரிக்கிறது.

நான் நம்புவது எல்டி_டீபக் என்ற சூழல் மாறி (நிரலைத் தொடங்கும்போது கொடுக்கும் அமைப்பு). அதற்கு லிப்ஸ் என்று மதிப்பு கொடுத்து நிரலைத் தொடங்கினால், லோடர் (லைப்ரரிகளை ஏற்றித் தரும் பகுதி) எந்த வரிசையில் எங்கெல்லாம் தேடியது, எதை எடுத்தது என்று வரிவரியாகக் கொட்டும். ஒருமுறை கர்ல் (இணையத்திலிருந்து தரவு எடுக்கும் கருவி) திடீரென்று ஓட மறுத்தது. யாரோ எழுதிய இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் லோடர் தேட வேண்டிய கோப்பகங்களைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்தில் தன் கோப்பகத்தைத் திணித்திருந்தது. அங்கிருந்த பழைய லிப்எஸ்எஸ்எல்தான் (ஓப்பன்எஸ்எஸ்எல் குறியாக்க லைப்ரரி) முதலில் மாட்டியது. சில நிமிடத்தில் பிடித்துவிட்டேன். இதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு கருவியை நான் பார்க்கவில்லை.

ஆனால் எரிச்சல் தீரவே இல்லை. நிரல் தொடங்கும் முன்பே இதைப் போட்டிருக்க வேண்டும். சர்வரில் சிக்கல் வரும்போது ப்ராசஸ் (ஓடும் நிரல்) ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். ரீஸ்டார்ட் செய்தால் பார்க்க வேண்டிய நிலையே போய்விடும். சரி, தொடக்கத்திலேயே போட்டு வைத்தால் பிழைச் செய்திகளோடு கலந்து வரும். எல்டி_டீபக்_அவுட்புட்டில் கோப்பின் பெயரைக் கொடுத்தால், பிள்ளை ப்ராசஸ் ஒவ்வொன்றுக்கும் தனிக் கோப்பு முளைக்கிறது. ஆல்பைன் லினக்ஸில் இருப்பது மஸ்ல் என்ற வேறு சி லைப்ரரி என்பதால் இந்த வசதியே கிடையாது.

ப்ராசஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் கைகொடுப்பது /ப்ராக்கில் (கர்னல் காட்டும் கோப்பகம்) அந்த ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே இருக்கும் மேப்ஸ் கோப்பு. இப்போது நினைவகத்தில் என்ன இருக்கிறதோ அது அப்படியே தெரியும். அப்டேட்டில் மாற்றப்பட்ட லைப்ரரியை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தால், அந்த வரியின் கடைசியில் டெலிட்டட் என்று இருக்கும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வந்தபோது ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜைப் புதுப்பித்ததோடு வேலை முடியவில்லை. ரீஸ்டார்ட் ஆகாத சேவைகளில் பழைய ஓட்டை அப்படியே இருந்தது. அதை அம்பலப்படுத்துவது இந்த ஒரு சொல்தான். எங்கே தேடி எடுத்தது என்ற கதையை மட்டும் மேப்ஸ் சொல்லாது.

நாளைக்கும் என் கை முதலில் எல்டி_டீபக்கைத்தான் தட்டும். ஆனாலும் சர்வர் பார்ப்பவர்களுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். மேப்ஸை grep (தேடும் கட்டளை) செய்யாமலே கண்ணால் படிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.