அகல டயர் மாட்டித் தர்றேன்னு ₹68,000-ஐ முழுங்கிட்டாங்க, உஷார்!

கோவத்துல டைப் பண்றேன், எழுத்துப்பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. கஸ்டம் பைக் செய்யற ஒரு ஒர்க்‌ஷாப்ல எனக்கு ₹68,000 போச்சு. பேர் போடாதேன்னு வக்கீல் சொல்லிட்டார். ரீல்ஸ்ல பளபளன்னு வண்டி காட்டற சென்னை கடைன்னு மட்டும் வெச்சுக்கோங்க.

என்னோடது பழைய ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350. பின்னாடி கம்பெனி டயர் 110/90-18, அதாவது 110 மி.மீ. அகலம். அதை எடுத்துட்டு 150 டயர், அகல ரிம், அதுக்கு ஏத்த மெட்டல் மட்கார்டு. இதான் பேச்சு.

150 டயருக்கு 4 இன்ச் ரிம் வேணும், ஸ்விங்ஆர்மை (பின் வீலைப் பிடிச்சிருக்கற சட்டம்) அகலப்படுத்தணும், ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடற பல் சக்கரம்) வெளியே தள்ளணும், இல்லேன்னா செயின் டயர்ல உரசும். இதெல்லாம் நான் கேக்கறதுக்கு முன்னாடி அந்தக் கடை ஆளே சொன்னார். வெர்னியர் வெச்சு அளந்தார். தரையில சாக்பீஸ் கோடு போட்டு, "ரெண்டு வீலும் ஒரே கோட்டுல நிக்கணும்ணா" ன்னு விளக்கினார். டீ வரவழைச்சார். "இது உங்க வண்டி இல்லண்ணா, என் வண்டி" ன்னார். இவ்வளவு விவரமா பேசற ஆளை எப்படிச் சந்தேகப்படறது? ₹68,000-ம் ஜிபேல போச்சு. பில்லா? "டெலிவரி அன்னைக்கு மொத்தமா தர்றேண்ணா."

வண்டி பார்க்க ஜம்முன்னுதான் இருந்தது, பொய் சொல்லல. மனைவி பின்னாடி ஏறினதும் முதல் ஸ்பீடு பிரேக்கர்லயே கர்ர்ர்னு சத்தம், ரப்பர் கருகின நாத்தம். வேற மெக்கானிக் கழட்டிப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டார். ஸ்விங்ஆர்மை அகலப்படுத்தவே இல்ல, உள்பக்கம் கிரைண்டர் வெச்சுத் தேய்ச்சு மெலிசாக்கி வெச்சிருக்கான். ஓடும்போது முறிஞ்சிருந்தா? ஸ்ப்ராக்கெட் அதே பழசு. செயின் உரசாம இருக்க வாஷர் போட்டு வீலை எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கான், அதான் வண்டி ஒரு பக்கமாவே இழுத்துக்கிட்டு இருந்துச்சு. மெட்டல்னு சொன்ன மட்கார்டு, பெயின்ட் அடிச்ச ஃபைபர். சாக் அப்சார்பர் அமுங்கினா டயர் எவ்வளவு மேல வரும்னு கூடப் பார்க்காம மாட்டியிருக்கான்.

போன் பண்ணா, "புது டயர்ணா, ஓட ஓட செட் ஆகிடும்." அடுத்த தடவை, "உங்க ஏரியா ரோடு சரியில்லண்ணா." அதுக்கடுத்து என்ன கேட்டான் தெரியுமா? "அண்ணி கொஞ்சம் வெயிட்டாண்ணா?" அப்புறம் "ஓனர் வெளியூர்". ஓனர்னு சொல்லிக் காசு வாங்கினதே அவன்தான்! கடைசியில பிளாக். ஆனா என் வண்டியோட ரீல் இன்னும் அவன் பேஜ்ல ஓடுது, ஹார்ட்டா கொட்டுது.

என்னென்ன செக் பண்ணணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப பொறுமை இல்ல. பில் இல்லாம ஒத்த ரூபா தராதீங்க. ஸ்விங்ஆர்ம்ல கை வைக்கும்போது நேர்ல நில்லுங்க. "ஆர்.டி.ஓ. பிரச்சினை வராது"ன்னு சொன்னா நம்பவே நம்பாதீங்க. கம்பெனி அமைப்பை அனுமதியில்லாம மாத்தினா ஒவ்வொரு மாத்தத்துக்கும் ₹5,000 அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும்னு மோட்டார் வாகனச் சட்டத்துல இருக்கு. கேஸ் வண்டி ஓனர் மேலதான் வரும். கழட்டின பழைய சாமானை அன்னைக்கே வீட்டுக்குத் தூக்கிட்டு வந்துடுங்க. என்னோட ரிம்மும் மட்கார்டும் "ஸ்க்ராப்ல போயிடுச்சு"ன்னுட்டான்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் போட்டாச்சு. ₹68,000 வருமோ வராதோ, வண்டி ஓடணுமே. கிளாசிக் 350 ஒரிஜினல் ஸ்விங்ஆர்ம், பின் ரிம் நல்ல நிலைமையில யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, புதுப்பேட்டை பழைய பார்ட்ஸ் மார்க்கெட்ல சொல்ற விலை கட்டுப்படியாகல.