முறைசாரா வேலை: நிறுவனத்தை எண்ணுவதா, வேலையை எண்ணுவதா?

பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு 1993-இல் வகுத்த 'முறைசாராத் துறை' என்ற அளவுகோல் நிறுவனத்தைப் பார்க்கிறது. இந்தியாவில் அமைப்புசாராத் தொழில்களை ஆராய்ந்த, அர்ஜுன் சென்குப்தா தலைமையிலான தேசிய ஆணையம், பத்துக்கும் குறைவான ஆட்களுடன் தனிநபரோ குடும்பமோ கூட்டாளிகளோ நடத்தும் தொழில்களை அதற்குள் வைத்தது. அதே மாநாடு 2003-இல் தந்த 'முறைசாரா வேலைவாய்ப்பு' என்ற அளவுகோலோ அந்த வேலைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டா என்று கேட்கிறது.

சோமனூரில் வீட்டை ஒட்டிய குடோனில் ஆறு விசைத்தறிகளைக் கூலிக்கு ஓட்டும் குடும்பம் இரண்டிலுமே அகப்பட்டுவிடும்.

சிக்கல் திருப்பூரில்தான். முந்நூறு பேர் வேலை செய்யும் பதிவுபெற்ற பனியன் கம்பெனிக்குள், கான்ட்ராக்டர் வழியாக வந்து பீஸ் ரேட்டில் ஓவர்லாக் தைக்கும் பெண்ணுக்குச் சனிக்கிழமை மாலை ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டுக் கூலி தருகிறார்கள், பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, விடுப்பெடுத்தால் சம்பளமும் இல்லை. முதல் அளவுகோல் அவரை முறைசார்ந்த துறையில் சேர்த்துவிடுகிறது. இது எனக்குப் பெரும் அநீதியாகவே படுகிறது. இரண்டாவது அளவுகோல்தான் அவரை உள்ளபடி காண்கிறது.

அதற்கு உழைப்பும் கூடுதலாக வேண்டும். இந்திய அரசு வீடு வீடாக நடத்தும், 2017-இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு எழுத்துபூர்வ ஒப்பந்தம், ஊதியத்துடன் விடுப்பு, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றைக் கேட்கிறது. ஆனால் இவற்றுக்கு வீட்டிலுள்ள வேறொருவர் பதில் சொன்னால் விவரம் தவறிவிடக்கூடும். தறிக்காரருக்குக் கடனுதவி திட்டமிட முதல் கணக்கு போதும். தையல்காரப் பெண்ணின் பாதுகாப்புக்கு இரண்டாவதையே எடுக்க வேண்டும்.