‘மூளைச் செல்களைக் காக்கும் தாவரச் சேர்மங்கள்’: என் தாயாருக்கு நேர்ந்ததும், வாங்குவோர் அறிய வேண்டியதும்

என் தாயாருக்கு அல்சைமர் நோயின் தொடக்க நிலை இருப்பதை நரம்பியல் மருத்துவர் உறுதிசெய்து, டொனெபெசில் மாத்திரை கொடுத்துவந்த ஐந்தாவது மாதத்தில், ‘மூளைச் செல்களைக் காக்கும் தாவரச் சேர்மங்கள்’ என்ற விளம்பரத்தை நம்பி, ஆறு மாதங்களுக்கான கேப்சூல் குப்பிகளை இணையத்தில் வாங்கினேன். அவற்றைக் கொடுக்கத் தொடங்கிய பதினெட்டாம் நாள் காலை, அவர் குளியலறை வாசலில் மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் பார்த்தபோது அவருடைய நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 41 மட்டுமே. நெற்றியில் இரத்தக்கட்டோடு போயிற்று; எலும்பு முறிவு ஏதும் இல்லை என்பது எங்கள் நல்லூழ்.

விசாரிக்காமல் வாங்கிவிடவில்லை. அந்த விற்பனை நிறுவனத்தின் ‘ஆலோசகர்’ என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டவரிடம் ஏறத்தாழ அரைமணி நேரம் தொலைபேசியில் பேசினேன். தாயார் எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி, இவற்றோடு சேர்த்துக் கொடுக்கலாமா என்று இரண்டு முறை கேட்டேன். தாவரத்திலிருந்து வருவது எந்த மருந்தோடும் மோதாது என்று அவர் உறுதி சொன்னார். சில ஆய்வுக் கட்டுரைகளின் சுருக்கங்களையும் அனுப்பினார். என்னை ஏமாற்றியவை அந்தச் சுருக்கங்கள்தாம், ஏனெனில் அவை பொய்யானவை அல்ல. மஞ்சளிலுள்ள குர்குமின், அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் பீட்டா அமிலாய்டு புரதம் ஆய்வகத் தட்டில் திரள்வதைத் தடுப்பது உண்மை. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ரால், தட்டில் வளர்த்த நரம்பணுக்களை ஆக்சிஜனேற்றச் சிதைவிலிருந்து காப்பதாக வந்த முடிவுகளும் உண்மை. மனிதர்களிடம் சோதித்தபோது என்ன ஆயிற்று என்பதைச் சொல்லும் ஒரு கட்டுரைகூட அவர் அனுப்பியவற்றில் இல்லை என்பதை நான் அப்போது கவனிக்கவில்லை.

மயக்கத்துக்குப் பிறகு, மருத்துவமனை மருந்தாளுநர் ஒருவரின் உதவியோடு அதைத் தேடிப் படித்தேன். தட்டில் செல்களின் மீது சேர்மத்தை நேரடியாக ஊற்றுகிறார்கள். வாய்வழி விழுங்கினால் அது குடலைக் கடந்து, கல்லீரலின் மாற்றங்களுக்குத் தப்பி, பின்னர் மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலுள்ள தடுப்பையும் தாண்டியாக வேண்டும். குர்குமின் முதல் படியிலேயே பெரும்பகுதி தோற்றுவிடுகிறது: குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, உறிஞ்சப்பட்டதும் விரைவில் உருமாறி வெளியேறிவிடுகிறது. நினைவாற்றலுக்கென்று விற்கப்படும் ஜின்கோ மரத்தின் இலைச் சாற்றைப் பற்றிய பெரிய ஆய்வு 2008இல் வெளிவந்தது. 75 வயதைக் கடந்த 3,069 பேர் அதில் பங்கேற்றார்கள். நாளொன்றுக்கு இருமுறை 120 மில்லிகிராம் என ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் கண்காணித்தார்கள். ஜின்கோ பெற்றவர்களில் 277 பேருக்கும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 246 பேருக்கும் மறதிநோய் வந்தது. தடுப்பு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஜின்கோவைப் பற்றிப் பிரான்சில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்விலும் இதே முடிவுதான். 119 அல்சைமர் நோயாளிகளுக்கு ஓராண்டுக் காலம் ரெஸ்வெராட்ரால் கொடுத்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், அதை உட்கொண்டவர்களின் மூளைக் கன அளவு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் குறைந்திருந்தது; அதனால் தீங்கு என்று ஆய்வாளர்கள் முடிவு கட்டவில்லை, ஆயினும் ‘மூளையைக் காக்கும்’ என்று விற்பவர் வாங்குபவரிடம் சொல்லியிருக்க வேண்டிய செய்தி அது.

பயனில்லாத பொருளுக்குப் பணம் கொடுத்ததோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். குப்பியின் பின்புறத்தில், கண்ணாடி அணிந்தும் படிக்கச் சிரமமான எழுத்தில், ‘தனியுரிமைக் கலவை 650 மில்லிகிராம்’, அதாவது நிறுவனத்துக்கே உரிய கலவை, என்று இருந்தது. அதன் கீழே ஆறு தாவரங்களின் பெயர்கள், எதற்கும் தனி அளவு இல்லை. நான்காவதாக இருந்த ஹூபெர்சியா செர்ரேட்டா என்ற பெயரைத்தான் மருந்தாளுநர் விரலால் தொட்டுக் காட்டினார். பாசியைப் போலத் தோன்றும் அந்தச் சிறு தாவரத்தில் ஹூபெர்சைன் ஏ என்ற சேர்மம் இருக்கிறது. நினைவாற்றலுக்குத் தேவையான அசெட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை அது முடக்குகிறது. டொனெபெசில் செய்யும் வேலையும் அதுவேதான். ஆக, மருத்துவர் அளந்து கொடுத்த மருந்தின் மேல், அதே வேலையைச் செய்யும் இன்னொரு பொருளை அளவே தெரியாமல் என் கையால் கொடுத்து வந்திருக்கிறேன். அசெட்டைல்கோலின் மிகும்போது குமட்டல், வயிற்றுப்போக்கு, இதயத்துடிப்பு குறைதல், மயக்கம் ஆகியவை வரலாம். முதல் வாரத்திலேயே தாயாருக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அந்த ஆலோசகரிடம் கேட்டபோது, உடல் நச்சுகளை வெளியேற்றுகிறது, நிறுத்த வேண்டாம் என்றார். அவர் சொன்னவற்றிலெல்லாம் என்னால் மன்னிக்க இயலாதது இந்த ஒரு சொல்தான். கலவையில் ஜின்கோவும் இருந்தது. தாயார் ஆஸ்பிரின் உட்கொள்பவர், இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு வாய்ப்பு கூடக்கூடும் என்பதையும் மருத்துவமனையில்தான் அறிந்தேன்.

தாவரச் சேர்மம் மறதிநோய்க்கு உதவவே உதவாது என்று நான் சொல்ல வரவில்லை. ஸ்னோடிராப் என்னும் வெண்மலர்ச் செடியில் கண்டறியப்பட்ட கேலன்டமைன், 2001இல் அமெரிக்காவில் அல்சைமருக்கான மருந்தாக ஒப்புதல் பெற்று, இன்றும் மருத்துவர்களால் பரிந்துரைக்கப்படுகிறது. அதன் ஒவ்வொரு மாத்திரையிலும் எத்தனை மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறது, சிறிய அளவில் தொடங்கி வாரக்கணக்கில் கண்காணித்து உயர்த்துகிறார்கள், இதயத்துடிப்பு குறையலாம் என்ற எச்சரிக்கையும் அச்சிடப்பட்டிருக்கிறது. அதுவும் அறிகுறிகளைச் சில காலம் தணிக்கிறதே அன்றி, செல்கள் மடிவதை நிறுத்துவதாக மெய்ப்பிக்கப்படவில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, குப்பி திறக்கப்பட்டுவிட்டது என்று மறுத்தார்கள். திறக்காத நான்கு குப்பிகளைச் சுட்டிக்காட்டியதும் பேச்சு மாறியது: இது மருந்தன்று, உணவுத் துணைப்பொருள், நோயைத் தடுக்கும் என்று நாங்கள் எங்கும் எழுதவில்லை என்றார்கள். உண்மைதான். ‘நினைவாற்றலுக்குத் துணைபுரியும்’ என்றுதான் அச்சில் இருந்தது. செல் அழிவை நிறுத்தும் என்ற வாக்குறுதி தொலைபேசியில் மட்டும் கிடைத்தது, அதை நான் பதிவுசெய்து வைக்கவில்லை. எழுத்தில் வெளிப்படையாக அப்படிச் சொன்னால் நடவடிக்கை வரும் என்று விற்பவர்களுக்குத் தெரியும். 2019 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், அல்சைமரைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று சட்டத்துக்குப் புறம்பாக விற்கப்பட்ட 58க்கும் மேற்பட்ட பொருள்களுக்காக 17 நிறுவனங்களுக்குக் கடிதம் அனுப்பியது.

இத்தகைய ஒன்றை வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒவ்வொரு பொருளின் தனி அளவையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். தந்தால், நோயாளியின் எல்லா மாத்திரைகளோடும் சேர்த்து அந்தப் பட்டியலை மருந்தாளுநரிடம் காட்டுங்கள். மறதியை இன்னும் மருத்துவரிடம் காட்டாதவர்கள், கேப்சூலில் மாதங்களைக் கழித்துவிடாமல் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

கேப்சூலை நிறுத்திய ஆறாம் நாள் தாயாரின் நாடித்துடிப்பு 60ஐத் தாண்டியது. மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகளிடம் புகார் அளித்திருக்கிறேன். அங்கே முதலில் கேட்டது குப்பியின் தொகுதி எண்ணைத்தான். இதே போன்ற கலவையால் உங்கள் வீட்டில் யாருக்கேனும் பாதிப்பு நேர்ந்திருந்தால், கோபத்தில் குப்பியை எறிந்துவிடாமல், மிச்சமிருக்கும் கேப்சூல்களோடு அப்படியே எடுத்து வையுங்கள்.