ஃபுஜியாவா, கனாயாவா?

டோக்கியோவிலிருந்து ரயிலில் போய் ஒரு ராத்திரி தங்கிவர, நூறு வருஷம் தாண்டிய ஹோட்டல் வேண்டும் என்று தேடினோம். கடைசியில் மிஞ்சியவை இரண்டு: ஹகோனே மலையில், மியானோஷிதா என்ற வெந்நீர் ஊற்று ஊரில் இருக்கும் ஃபுஜியா, நிக்கோவில் இருக்கும் கனாயா. நாங்கள் ஃபுஜியாவுக்குப் போனோம். கனாயாவில் மதியச் சாப்பாடு மட்டும்தான், தங்கியதில்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

வயதில் கனாயா மூத்தது. நிக்கோவின் பேர்போன தோஷோகு கோயிலில் வாத்தியம் வாசித்துவந்த கனாயா சென்இச்சிரோ, 1873-இல் தன் வீட்டிலேயே வெளிநாட்டவரைத் தங்கவைத்து ஆரம்பித்தது. இப்போதைய இடத்துக்கு வந்தது 1893-இல். ஐன்ஸ்டீன் தங்கியிருக்கிறார். கோயிலும் சிவப்புப் பாலமும் பக்கத்திலேயே.

ஃபுஜியாவை 1878-இல் தொடங்கியவர் யமகுச்சி சென்னோசுகே. 1883 தீயில் எல்லாம் போய், இன்றைய பிரதான கட்டடம் 1891-இல் எழுந்தது. ஊருக்குள்ளேயே நராயா என்ற விடுதியோடு அவருக்குச் சரியான போட்டி. கடைசியில் 1893-இல் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: வெளிநாட்டவர் எல்லாம் ஃபுஜியாவுக்கு, ஜப்பானியர் எல்லாம் நராயாவுக்கு. 1912 வரை அப்படியே நடந்திருக்கிறது!

இன்னொரு வேடிக்கை, இந்த இரண்டு ஹோட்டல்களும் சம்பந்தி வீடுகள். கனாயா வீட்டுப் பிள்ளை ஷோசோதான் ஃபுஜியாவுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர். 1930-இல் அவர் காலத்தில் கட்டிய சாப்பாட்டுக் கூடத்தின் கூரையில் 636 வகை மலைச்செடிகளை வரைந்திருக்கிறார்கள். தூணின் அடியில் முறைத்துப் பார்க்கும் ஒரு முகம் செதுக்கியிருக்கிறது. வேலைக்காரர்களை முதலாளி கண்காணிக்கிறாராம். காலை உணவின்போது என் நாற்காலி அதற்கு நேராக அமைந்துவிட்டது, தட்டில் எதையும் மிச்சம் வைக்கத் தோன்றவில்லை.

சரி, எங்களுக்கு முடிவைச் சொன்னது இதெல்லாம் இல்லை, குளியல்தான். ஜப்பானிய வெந்நீர் ஊற்றுக் குளியல் என்றால் பொதுத் தொட்டி, உடம்பில் ஒட்டுத் துணி கூடாது. ஆண் பெண் தனித்தனிதான் என்றாலும், "அதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஃபுஜியாவில் ஊற்று நீர் அறைக் குளியலறைக்கே வருகிறது. கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயைத் திறந்து தொட்டியை நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். கந்தக வாடை இல்லை, உதட்டில் பட்டால் லேசாக உப்புக் கரிக்கிறது. ராத்திரி ஒருமுறை, விடியலில் ஒருமுறை என்று அம்மா இறங்கினார். முழங்கால் வலி குறைந்ததா என்று கேட்டால், தூக்கம் நன்றாக வந்தது என்கிறார். நிக்கோ கனாயாவில் ஊற்று நீர் கிடையாது. அது வேண்டுமானால் மலைமேல் இருக்கும் சூசென்ஜி கனாயாவுக்குப் போக வேண்டும், ஆனால் அது 1940-இல் வந்த வேறு ஹோட்டல்.

பராமரிப்பிலும் ஃபுஜியா பக்கம்தான் என் ஓட்டு. நிலநடுக்கத்தைத் தாங்கும்படி பலப்படுத்த 2018 முதல் 2020 வரை ஹோட்டலையே மூடி வேலை பார்த்திருக்கிறார்கள். ஆனால் மலைச்சரிவு என்பதால் கட்டடத்துக்குக் கட்டடம் படிகள் உண்டு. பெரியவர்களோடு போனால் முன்பதிவின்போதே சொல்லி, தோதான அறையாகக் கேளுங்கள். தோஷோகுதான் முக்கியம், குளியல் எப்படியிருந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் யோசிக்காமல் கனாயாவுக்குப் போகலாம்.