ஜோடியா மாரத்தான்: ஒன்னா ஓடலாமா, தனித்தனியா ஓடலாமா?

புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ஒரே சிட்டி ரேஸுக்கு பேர் குடுத்தாச்சுன்னா அடுத்த நாளே இந்த பேச்சு வந்துடும், ட்ரெயினிங்ல இருந்து ஃபினிஷ் லைன் வரைக்கும் எல்லாமே சேர்ந்தே பண்றதா இல்ல ஆளுக்கு ஒரு பிளான் போட்டுக்குறதா. நான் நேரடியாவே சொல்லிடுறேன், ட்ரெயினிங்ல பாதி சேர்ந்து, ரேஸ் தனியா, இதுதான் பெரும்பாலான ஜோடிகளுக்கு சரியா வரும்னு நம்புறேன். ஒருத்தருக்கு அது வாழ்க்கையிலயே முதல் ரேஸா இருந்தா மட்டும் கணக்கு மாறும், அதை கடைசியில சொல்றேன்.

முதல்ல எல்லாமே சேர்ந்து ஓடுறதை எடுத்துக்குவோம். இதோட பெரிய பலம் ஒழுங்கு. விடியக்காலை அலாரம் அடிக்கும்போது ஒருத்தர் எழுந்துட்டா இன்னொருத்தரும் எழுந்துடுவாங்க, பொண்ணுங்களுக்கு இருட்டுல தனியா ஓட வேண்டிய பயம் இல்ல, ரெண்டு மணி நேரம் ஃபோன் இல்லாம பேசிக்கிட்டே போறது வேற எங்கயும் கெடைக்காது. எங்க வீட்ல முக்கியமான முடிவு பாதி லாங் ரன்லதான், அதாவது வாரத்தோட நீண்ட ஓட்டத்துலதான் எடுக்குறோம்.

ஆனா இதுல ஒரு ஆபத்து இருக்கு, அதை யாரும் சீக்கிரம் கவனிக்க மாட்டாங்க. ஒருத்தரோட ஈஸி பேஸ், அதாவது சிரமமில்லாம ஓடுற வேகம், கிலோமீட்டருக்கு 6 நிமிஷம், இன்னொருத்தரோடது 7:15ன்னு வச்சுக்கோங்க. சேர்ந்து ஓடும்போது விட்டுக் குடுக்குறோம்னு நெனச்சு 6:30ல ஓடுவாங்க. வேகமா ஓடுறவருக்கு அது சொகமான ஓட்டம், மத்தவருக்கு அது தினமும் டெம்போ ரன், மூச்சு வாங்க வைக்கிற வேக ஓட்டம். வாரத்துல பெரும்பாலான ஓட்டம் மெதுவா இருக்கணும்ங்கிறதே மாரத்தான் ட்ரெயினிங்கோட அடிப்படை, அப்பதான் ரொம்ப நேரம் களைக்காம ஓடுற அடிப்படை பலம் வளரும், தசைநாரும் எலும்பும் பழகுறதுக்கு நேரம் கெடைக்கும். அது ஒருத்தருக்கு மட்டும் நடக்கவே நடக்காது, கொஞ்ச வாரத்துல முழங்காலுக்கு கீழ முன்பக்கம் வலி, தூக்கம் சரியில்ல, எரிச்சல், அப்புறம் "எனக்கு ஓட்டமே செட் ஆகலைங்க"ன்னு நிறுத்திடுவாங்க. செட் ஆகாதது ஓட்டம் இல்ல, பேஸ்.

அதனால சேர்ந்து ஓடுற நாள்ல வேகத்தை மெதுவா ஓடுறவங்கதான் முடிவு பண்ணணும், நடுவுல சந்திக்கிற கதையே வேண்டாம். வேகமா ஓடுறவர் ஒரு நிமிஷம் மெதுவா ஓடினா பெருசா எதுவும் இழக்க மாட்டார், அவரோட ரெக்கவரி ரன் நாளும் இவங்களோட ஸ்டெடி ரன் நாளும் ஒரே நாள்ல வர்ற மாதிரி பிளான் பண்ணிட்டா ரெண்டு பேருக்கும் அது உருப்படியான ஓட்டம். சோதிக்க வாட்ச் கூட வேண்டாம், ஒருத்தர் மட்டும் முழு வாக்கியமா பேசிட்டு இருக்கார், இன்னொருத்தர் "ம்... ம்"ன்னு மட்டும் சொல்றாங்கன்னா பேஸ் தப்பு.

தனித்தனி பிளானுக்கு வருவோம். இண்டர்வல் (வேகமாவும் மெதுவாவும் மாத்தி மாத்தி ஓடுறது), டெம்போ இதெல்லாம் தனியாத்தான், இதுல எனக்கு ரெண்டாவது யோசனையே இல்ல. ஒருத்தர் முதுகை பார்த்துக்கிட்டே இண்டர்வல் ஓடினா அது ட்ரெயினிங் இல்ல, தொரத்தல். ஆனா இடம் ஒன்னா இருக்கலாம்: தூரத்தை வச்சு ஓடாம நேரத்தை வச்சு 3 நிமிஷம் வேகமா, 2 நிமிஷம் மெதுவான்னு போட்டு, மெதுவா ஓடுற அந்த ரெண்டு நிமிஷத்துல முன்னாடி போனவர் திரும்பி வந்து சேர்ந்துக்கலாம்.

லாங் ரன்தான் நெறைய பேர் சொதப்புற எடம். ஒரே பிளானை டவுன்லோட் பண்ணி ரெண்டு பேரும் 30 கிலோமீட்டர் ஓடணும்னு எழுதி வச்சுக்குவாங்க. 6 நிமிஷ பேஸ்ல அது 3 மணி நேரம், 7:30 பேஸ்ல 3 மணி 45 நிமிஷம். பேப்பர்ல ஒரே ஓட்டம், ஒடம்புக்கு ரெண்டும் வேற வேற சுமை, அந்த கூடுதல் முக்கால் மணி நேரத்துலதான் ஓடுற விதம் கெட்டுப் போய் காயம் வரும். லாங் ரன்னை 3 மணி நேரத்தோட நிறுத்திக்க சொல்ற கோச்சுங்க நெறைய பேர் இருக்காங்க, அது மெதுவா ஓடுறவங்களுக்கு சலுகை இல்ல, அவங்களுக்கு சேர வேண்டிய நியாயம். சேர்ந்தும் போகணும் அவங்கவங்க பேஸும் கெடைக்கணும்னா ஒரு அருமையான வழி இருக்கு: ஒரே எடத்துல கெளம்பி, ஆளுக்கு அவங்க பேஸ்ல 75 நிமிஷம் நேரா போய், அப்படியே யு டர்ன் போட்டு அதே பேஸ்ல திரும்புங்க. வேகமா ஓடினவர் அதிக தூரம் போயிருப்பார், ஆனா ரெண்டு பேரும் சீரா ஓடியிருந்தா கெளம்பின எடத்துக்கு ஒரே நேரத்துல வந்து சேருவீங்க. யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், எங்களுக்கு இதை விட புடிச்ச லாங் ரன் கெடையாது.

சின்ன கொழந்தைங்க இருக்குற வீட்டுக்கு இந்த விவாதமே கெடையாது, ஒருத்தர் ஓடும்போது ஒருத்தர் வீட்ல இருந்தாகணும். அங்க பார்க்க வேண்டியது ஒன்னுதான், நல்ல காலை நேரம் எப்பவும் ஒருத்தருக்கே போகுதா. வாரா வாரம் மாத்திக்கோங்க.

இப்ப ரேஸ் நாள். கைகோத்துக்கிட்டு ஃபினிஷ் பண்றது எல்லாருக்கும் கனவுதான். 1981ல முதல் லண்டன் மாரத்தான்ல அமெரிக்காவோட டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேயோட இங்கெ சிமோன்சனும் கைகோத்து ஒன்னாவே முதல் எடத்துல முடிச்சாங்க, நேரம் 2:11:48. அழகான முடிவு, ஆனா அது நடந்ததுக்கு காரணம் அவங்க ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் சமமான பலத்துல இருந்ததுதான். 1967 பாஸ்டன் மாரத்தான் இன்னொரு கதை, அப்ப அதுல பொண்ணுங்களை அதிகாரப்பூர்வமா சேர்த்துக்க மாட்டாங்க. கேத்ரின் ஸ்விட்சர் 261ங்கிற நம்பரோட ஓடுறாங்க, ரேஸ் அதிகாரி ஜாக் செம்பிள் நடுரோட்ல அந்த நம்பரை பிடுங்க வர்றார், கூட ஓடின அவங்க காதலர் டாம் மில்லர் அவரை இடிச்சு தள்ளி விடுறார். எல்லாரும் பார்த்த ஃபோட்டோ அது. அதுக்கப்புறம் கொஞ்ச தூரத்துலயே கேத்ரினுக்கும் டாமுக்கும் சண்டை வந்து டாம் கோபத்துல முன்னாடி ஓடிப் போய்ட்டார், கேத்ரின் அவங்க பேஸ்லயே ஓடிக்கிட்டு இருந்தாங்க, அப்புறம் டாம் களைச்சு நடந்துக்கிட்டு இருந்தப்ப அவரை தாண்டிப் போய் சுமார் 4 மணி 20 நிமிஷத்துல முடிச்சாங்க. ஜோடியா ஓடுறவங்க தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய ரேஸ் இது.

கணக்கும் தனியா ஓடுறது பக்கம்தான் நிக்குது. கிலோமீட்டருக்கு 30 செகண்ட் வித்தியாசம்னா ஹாஃப் மாரத்தான்ல 10 நிமிஷத்துக்கு மேல, ஃபுல் மாரத்தான்ல 21 நிமிஷம். வேகமானவர் அதை விட்டுக் குடுத்துடலாம், ஆனா மெதுவானவர் அதை இழுத்துப் பிடிக்கவே முடியாது, 30 கிலோமீட்டர்ல கிளைக்கோஜன் (தசையில சேமிச்சு வச்ச சக்தி) தீர்ந்து கால் கல்லாயிடும். கூட்டத்துல பக்கத்துல பக்கத்துல ஓடினா பின்னாடி வர்றவங்களுக்கு எடஞ்சல், ஒருத்தரை ஒருத்தர் தேடி வளைஞ்சு வளைஞ்சு ஓடினா தூரமும் கூடும். தண்ணி குடுக்குற எய்ட் ஸ்டேஷன்ல ஒருத்தருக்காக ஒருத்தர் நிக்கிறதும் இருக்கு. ஓடும்போது சக்திக்கு சாப்பிடுற ஜெல் பாக்கெட் கணக்கும் தனித்தனியா வச்சுக்கோங்க, அது நேரத்தை பொறுத்தது, மணிக்கு 30ல இருந்து 60 கிராம் கார்போஹைட்ரேட்டுன்னு போட்டா 5 மணி நேரம் ஓடுறவங்களுக்கு 4 மணி நேரக்காரரை விட ஒன்னு ரெண்டு ஜெல்லாவது கூட வேணும்.

முதல் தடவை ஓடுறவங்க பயந்து போயிருந்தா அப்ப சேர்ந்து ஓடுங்க, அந்த தைரியத்துக்கு முன்னாடி டைம் எல்லாம் ஒன்னும் இல்ல. அனுபவம் உள்ளவர் அன்னைக்கு பேசர் வேலை, அதாவது கூட ஓடி வேகத்தை காட்டுற வேலை மட்டும்தான் பார்க்கணும், அரை அடி கூட முன்னாடி ஓடக்கூடாது, சொந்த டைமை பத்தி வாயே தெறக்கக்கூடாது. ரெண்டு பேருக்கும் வேற வேற வேவ் (ஒன்னு பின்னாடி ஒன்னா கெளப்பி விடுற குழு) வந்திருந்தா வேகமானவர்தான் பின்னாடி வேவுக்கு போகணும், பெரும்பாலான ரேஸ்ல முன்னாடி போக விட மாட்டாங்க, பின்னாடி போக விடுவாங்க. ஒடம்புல மாட்டிக்குற சிப் கணக்கிடுற டைம், நீங்க ஸ்டார்ட் லைன்ல இருக்குற மேட்டை தாண்டும்போதுதான் தொடங்கும், அதனால நஷ்டமும் இல்ல.

எதை தேர்ந்தெடுத்தாலும் ஒரு விஷயத்தை முந்தின நாள் ராத்திரியே பேசி முடிச்சிடுங்க, ஒருத்தருக்கு முடியலன்னா இன்னொருத்தர் என்ன பண்ணணும். களைச்ச மூளையோட "நீங்க போங்க", "இல்ல நான் இருக்கேன்"னு நடுரோட்ல நடக்குற விவாதம் ரெண்டு பேரையும் கெடுக்கும். எங்க ஏற்பாடு இது: கால் பிடிப்பு, கொப்புளம், வெறும் களைப்புன்னா மத்தவர் திரும்பி பார்க்காம போகலாம், நெஞ்சு வலி, தலை சுத்தல், பேச்சு குழறல்ல எது வந்தாலும் அந்த எடத்துலயே ரெண்டு பேருக்கும் ரேஸ் முடிஞ்சது, நேரா மெடிக்கல் டெண்ட்.