பயர்ஃபாக்ஸும் யூபிளாக் ஆரிஜினும்: திருப்பிவிடும் விளம்பரங்களுக்கு நல்ல பூட்டு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் கடைகளிலும் பினாங்கு லிட்டில் இந்தியாவிலும் பலர் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு குரோம் உலாவி. அதில் நீட்சிகளை (உலாவியில் சேர்க்கும் சிறு நிரல்களை) நிறுவ முடியாது. ஆண்ட்ராய்டு பயர்ஃபாக்ஸ் உலாவியில் முடியும். விளம்பரத் தடுப்பு நீட்சியான யூபிளாக் ஆரிஜின் இலவசம். நிறுவியதுமே நம்மைக் கேட்காமல் வேறு தளத்துக்கு இழுக்கும் திருப்பிவிடல்களில் பெரும்பாலானவை நிற்கின்றன. அதன் தடைப்பட்டியலில் உள்ள விளம்பரத் தளத்துக்கு இழுக்கப்பட்டால், பக்கம் திறக்காமல் எச்சரிக்கைத் திரை வருகிறது. அங்கே 'தொடர்' என்பதைத் தொடாமல் பின்னே போங்கள்.

ஆனால் முன்பே அனுமதி பெற்ற அறிவிப்புகளை இது நிறுத்தாது. 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்டுங்கள்' என்ற பக்கத்தில் 'பெனார்கான்' (Benarkan, மலாயில் 'அனுமதி') பொத்தானை அழுத்தியிருந்தால், தளத்தை மூடினாலும் விளம்பரம் வரும். அது வைரஸ் அல்ல, நாமே தந்த அனுமதி. 'வைரஸ் உள்ளது' என்று மிரட்டும் அறிவிப்பைத் திறக்கவே வேண்டாம். குரோம் அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று போய், அறியாத தளம் ஒவ்வொன்றையும் தடுங்கள். மேலே உள்ள பொது விசையையும் அணைத்தால் புதிய தளங்கள் கேட்கவே கேட்காது.

சில தளங்கள் தடுப்பானோடு சரியாக ஓடாது. பயர்ஃபாக்ஸ் மெனுவில் நீட்சிகள், யூபிளாக் ஆரிஜின் என்று போய், பெரிய பொத்தானால் அந்தத் தளத்துக்கு மட்டும் அணைக்கலாம். பெற்றோர் கைப்பேசியில் முதலில் போட வேண்டியது இந்தத் தடுப்பான்தான்.